ஆடித் தள்ளுபடி ஏன்? டெய்லர் மட்டும் ஏன் விலையைக் குறைப்பதில்லை? துணி எடுக்கக் கிளம்பும் முன் இதைப் படிங்க!

ஆடி பிறந்தாலே பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தள்ளுபடி பேனர்கள் தொங்க ஆரம்பித்துவிடும். திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து துணி எடுப்பார்கள். அதே ஏரியாவில் சந்துக்குள் தையல் மெஷின் போட்டிருக்கும் டெய்லரிடம் போய் ‘ஆடிக்கு எவ்வளவு குறைப்பீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்புதான் பதில்.

காரணம் எளிமையானது. கடைக்காரரிடம் விற்காத சரக்கு இருக்கிறது, டெய்லரிடம் இல்லை.

ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் ஆடியில் கல்யாணம், கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். பட்டுப்புடவை, வேட்டி-சட்டை வியாபாரம் படுத்துவிடும். ஆனால் கடை வாடகையும் சம்பளமும் கடன் வட்டியும் நிற்காது. அடுத்து தீபாவளிக்கு புது சரக்கு இறக்க இடமும் வேண்டும், பணமும் வேண்டும். அதனால் லாபத்தைக் குறைத்தாவது பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளுபடி என்ற சொல்லிலேயே ‘தள்ளு’ இருக்கிறதே!

டெய்லர் கதை வேறு. நீங்கள் துணியைக் கொடுத்த பிறகுதான் அவர் கத்தரியை எடுக்கிறார். மிச்சமாவது வெட்டுத்துணி மட்டும்தான். இப்போது ஆன்லைனில் ‘மேட் டு ஆர்டர்’ என்று பெரிய பெயரில் விற்கப்படுவதும் இதே முறைதான். ஆர்டர் வந்த பிறகு தைப்பது, மீதி சரக்கு வைக்காமல் இருப்பது, அதனால் வீணாவதைக் குறைப்பது.

காலடிப்பேட்டைக்குப் பெயர் வந்த கதை

வடசென்னைக்கு இந்த ஆர்டர் முறை புதிதே இல்லை. மெட்ரோவில் போகும்போது வரும் காலடிப்பேட்டை ஸ்டேஷனை கவனித்திருப்பீர்கள். 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. காலெட் பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. கிழக்கிந்திய கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்த பகுதிதான் வண்ணாரப்பேட்டை.

கம்பெனி முன்பணம் கொடுக்கும். மாதிரித் துணியைக் காட்டும். அதே நீள அகலத்தில், அதே தரத்தில் நெய்து தர வேண்டும். தரம் குறைந்தால் துணி திரும்பி வரும், வாங்கிய முன்பணம் நெசவாளர் தலையில் கடனாக நிற்கும். ஆக, ஆர்டர் எடுத்து செய்தால் துணி வீணாகாது என்பது சரி. ஆனால் நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. இன்றைக்கு ‘சஸ்டைனபிள்’ என்று லேபிள் ஒட்டி விற்பவர்களிடமும் இதைக் கேட்கலாம்.

விற்காத துணி எங்கே போகும்?

பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் 2017-ல் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருட்களை அழித்தது. 2018-ல் செய்தி வெளியானதும் கண்டனம் கிளம்ப, அந்த வழக்கத்தையே நிறுத்தியது. விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்க ஐரோப்பிய யூனியன் விதித்துள்ள தடைக்கான தேதி 2026 ஜூலை 19. நம்ம ஊரில் கடைக்காரர் அப்படி எரிப்பதில்லை, விலையைக் குறைத்து விற்றுவிடுகிறார். அந்த வகையில் ஆடித் தள்ளுபடி நல்லதுதான். ஆனால் மலிவு என்பதற்காக வாங்கி நாலு தடவை போட்டு வீசினால், வடசென்னை குப்பை போய்ச் சேரும் கொடுங்கையூரில்தான் அதுவும் கிடக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க

‘50% + 20%’ என்றால் 70% இல்லை. 1,000 ரூபாய் சட்டை முதலில் 500 ஆகும், அதில் 20% கழிந்து 400. மொத்தத் தள்ளுபடி 60%தான். ‘2 வாங்கினால் 1 இலவசம்’ என்பது ஒரே விலைத் துணிகளில் சுமார் 33%தான், அதுவும் மூன்றும் உங்களுக்குத் தேவைப்பட்டால்.

இன்னொரு கணக்கு, ஒரு உதாரணத்துக்கு: 400 ரூபாய் சட்டை 10 முறை போட்டதும் சாயம் போனால் ஒரு தடவைக்கு 40 ரூபாய். துணி, தையல்கூலி சேர்த்து 900 ரூபாய் ஆன சட்டை 60 முறை உழைத்தால் 15 ரூபாய். தைக்கக் கொடுக்கும்போது ‘உள்ளே துணி விட்டு தைங்கண்ணா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வளர்ந்தாலும் பிரித்து ஆல்டர் பண்ணலாம். தீபாவளி நெருங்கினால் டெய்லர்கள் ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். ஆடியில் கொடுத்தால் நிதானமாகத் தைத்துத் தருவார்கள்.

கைத்தறி வேண்டுமென்றால் 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. அங்கே தீபாவளிக்குத் தரும் 30% தள்ளுபடி தேங்கிய சரக்குக்கான விலைக்குறைப்பு இல்லை, நெசவாளர் கூட்டுறவுக்கு விற்பனை கூட அரசு தரும் ஆதரவு.

பில் கேட்டு வாங்குங்க

‘தள்ளுபடித் துணி திரும்பப் பெறப்படாது’ என்று போர்டு இருக்கும். கலர் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் மறுக்கலாம். துணியே குறைபாடு உள்ளது என்றால் அந்த போர்டு செல்லாது. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. கூலி வாங்கிச் செய்யும் தையலும் சேவைதான், துணியைக் கெடுத்துவிட்டாலும் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.