இலை உரைக்கும் நோய்

வீட்டினுள் தொட்டிகளில் செடி வளர்க்கும் வழக்கம் இக்காலத்து நகரங்களில் பெருகியுள்ளது. ஆயினும், ஆசையோடு வாங்கி வந்த செடிகளுட் பல சில திங்களிலேயே மடிந்து போகின்றன. நீரின்றி மடிவன சில. மிகையாக நீர் வார்த்தமையால் மடிவன பல. இலை வாடியதும் நீர் ஊற்றுகின்றோம். மேலும் வாடினால் மேலும் ஊற்றுகின்றோம். நோய் இன்னதென ஆராயாது செய்யும் மருத்துவம் இது.

தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் உற்றறியும் ஓரறிவுயிர் என வகுத்தார். வாயில்லாத அவ்வுயிர் தன் துன்பத்தை இலையில் காட்டுகின்றது. அதனை அறிய நம் மொழியே துணை செய்கின்றது. இலையின் பருவங்களைக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனத் தமிழர் வேறு வேறு பெயரிட்டு வழங்கினர். மஞ்சள் நிறம் எப்பருவத்து இலையில் தோன்றுகின்றது என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய வினா. அடியிலுள்ள முதிய இலை ஒன்றிரண்டு மஞ்சளித்து உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து வேண்டா. அடியிலைகள் பலவும் ஒருங்கே வெளிறுமாயின் தழைச்சத்துக் குறைவு என ஐயுறலாம். தாய் தான் உண்ணாது குழந்தைக்கு ஊட்டுவது போலச் செடி அச்சத்தை முதிய இலைகளினின்று எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகின்றது. இரும்புச்சத்தோ அவ்வாறு எளிதில் இடம்பெயராது. ஆதலின், அது குறைந்தால் கொழுந்தே முதலில் வெளிறும். நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்கும்.

இனி, வாட்டத்தைக் காண்போம். வாடிய செடியைக் கண்டதும் குவளையைத் தேடாது, விரலை மண்ணுள் ஓர் அங்குல ஆழம் செலுத்திப் பாருங்கள். மண் உலர்ந்திருப்பின் நீர் வார்க்கலாம். ஈரம் இருந்தும் இலை தொங்குமாயின், வேர் அழுகத் தொடங்கியிருக்கக்கூடும். மண் துகள்களின் இடையேயுள்ள காற்றைக்கொண்டே வேர் உயிர்க்கின்றது. அவ்விடத்தை எப்பொழுதும் நீரே நிறைத்துக்கொண்டால் வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. நீரின் நடுவே நின்றும் செடி விடாயால் வாடும் விந்தை இதுவே.

ஒளியைப் பொறுத்தவரையில் நம் கண்ணை நம்புதற்கில்லை. நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஆகும். வெளிச்சமாகத் தோன்றும் அறையின் உட்பகுதியிலோ சில நூறு லக்ஸே இருக்கும். கண்மணி விரிந்து சுருங்கி ஈடுசெய்வதால் இவ்வேறுபாடு நமக்குத் தோன்றுவதில்லை. செடி நிற்கும் இடத்தில் நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் தெளிவாக விழுந்தால் ஒளி மிகுதி. மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தோன்றாவிடின், வாள் போன்ற இலையுடைய மருள் முதலிய சிலவே அங்குத் தாங்கும். அங்கே துளசியை வைப்பது அதனைப் பட்டினி போடுவதேயாகும்.

ஒளி குறைந்த செடி கணுவிடை நீண்டு, மெலிந்து, சாளரத்தை நோக்கிச் சாயும். மணி பிளாண்டு எனப்படும் கொடியில் புதிய இலைகளின் மஞ்சள் வரிகள் குறையும். 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் வெளியிட்ட நூலில், புல் முளையின் நுனியை மூடிவைத்தால் அது ஒளியை நோக்கி வளையாது என்று காட்டினர். ஓரறிவுயிர் ஒளியையும் அறியும் போலும்!

இச்சாய்வைக் கண்டு செடியை ஒரே நாளில் கடும்வெயிலில் வைத்துவிடுவாரும் உளர். வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் இலை வெளிறித் தாள் போல் உலரும். பத்துப் பதினைந்து நாளில் சிறிது சிறிதாகப் பழக்குதலே முறை. கருகிய இடம் மீண்டும் பசுமை அடையாது. ஆதலின், மருத்துவம் பலித்ததா என்பதை அவ்விலையில் தேட வேண்டா. இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து, அடுத்து விரியும் தளிரின் நிறத்தையும் அளவையும் பாருங்கள்.