ஒஸ்லோவில் போட்ட கணக்கு

காஸ்மிக் கதிர் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் அதன் பாதையை ஒருவர் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். அவர் கார்ல் ஸ்டோர்மர், ஒஸ்லோவில் (அன்றைய பெயர் கிறிஸ்தியானியா) கணிதப் பேராசிரியர். அவர் தேடியதோ துருவ ஒளியின் காரணத்தை.

அதே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் பிர்க்லாண்ட், காந்தமேற்றிய உருண்டையொன்றை வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து எலக்ட்ரான்களைப் பாய்ச்சினார். துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் தோன்றியது. ஸ்டோர்மருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூமியின் காந்தப்புலத்துக்குள் நுழையும் மின்னூட்டத் துகள் எந்த வழியில் போகும்? ஒற்றைச் சூத்திரத்தில் அடங்காத கேள்வி. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மணி நேரம் கையாலேயே கணக்கிட்டுப் பாதைகளை வரைந்தார். மாணவப் பருவத்தில் உடைக்குள் கேமராவை ஒளித்துக்கொண்டு, தெருவில் போன நாடகாசிரியர் இப்சனையே படம் பிடித்த ஆசாமி அவர், பொறுமைக்கா பஞ்சம்!

நிலநடுக்கோட்டுப் பக்கம் வரும் துகளைக் காந்தப்புலம் வளைத்துத் திருப்பிவிடும், துருவப் பக்கம் வருவது காந்தக் கோடுகளை ஒட்டி இறங்கிவிடும் என்றது கணக்கு. ஒவ்வோர் இடத்திலும் துகள் உள்ளே நுழையக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று வேண்டும்.

1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். வானிலிருந்து வரும் இந்தக் காஸ்மிக் கதிர் எது? ஒளியைப் போன்ற அலை என்றே பலர் நம்பினார்கள். ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் இடையே கப்பலில் கருவியோடு பயணித்த யாக்கோப் க்ளே, நிலநடுக்கோட்டருகே கதிர் குறைவதைக் கண்டார். அலையைக் காந்தம் வளைக்காது. ஆகவே வருபவை மின்னூட்டத் துகள்கள். 1933-இல் இயற்பியலாளர்கள் லெமேத்ரும் வயார்த்தாவும் இதை விளக்க எடுத்தது ஸ்டோர்மரின் பழைய கணக்கைத்தான்.

ஒஸ்லோவுக்கு மேலே காந்தப்புலத்தைக் கடக்கப் புரோட்டானுக்கு 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவே போதும். ஊட்டிக்கு மேலே நேராக இறங்க ஏறத்தாழ 16 வேண்டும். 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயலொன்று காந்தப்புலத்தைச் சற்றே தளர்த்தியபோது, ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில், காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்கள் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பதிவாயின.

காந்தப்புலம் துகளை வளைப்பதே அதன் பிறப்பிடத்தையும் மறைக்கிறது. விண்மீன் மண்டலத்தின் காந்தப்புலங்களில் திசைமாறித் திரிந்து வரும் துகள், எங்கிருந்து புறப்பட்டது என்று காட்டாது. வேகமெடுத்த புரோட்டான்கள் மோதும்போது பிறக்கும் காமா கதிர் மின்னூட்டமற்றது, வளையாமல் வருவது; அதைக் கொண்டு, வெடித்த விண்மீன்களின் எச்சங்களில் புரோட்டான்கள் வேகமெடுப்பதை 2013-இல் ஃபெர்மி தொலைநோக்கி உறுதிசெய்தது. ஆனால் 1991-இல் அமெரிக்காவின் யூட்டா வானில் பதிவான ஒற்றைத் துகளிடம் சுமார் 50 ஜூல் ஆற்றல் இருந்தது. அதை அனுப்பியது எது என்று இன்றுவரை தெரியவில்லை.