விற்றுவிட்ட ஆர்மோனியப் பெட்டி



பழுதான சாமான் வீட்டில் கிடந்தால், இடத்தை அடைக்கிறது என்று யாருக்காவது கொடுத்துவிடுகிறோம். இசைக் கருவிகளுக்கும் பல வேளைகளில் இந்தக் கதிதான். ஓசை நின்றுவிட்டால் கருவியின் ஆயுளே முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். நாமும் ஒரு முறை அப்படி எண்ணித் தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுவோம்.

எழுபதுகளின் நடுவில் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில் வேலை பார்த்தோம். தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனைக் குழுவின் கணக்கும் கடிதமும் நம் பொறுப்பில் இருந்தன. குழுவிடம் ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டி இருந்தது. காலையில் பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவுகளில் அதை வாசிப்பார். ஒரு மழைக்காலம் கழிந்தபோது துருத்தியில் காற்று நிற்கவில்லை. மூன்று கட்டைகள் பேசவில்லை. ஒரு கட்டை தொடாமலேயே கத்தியது. கூட்டம் போட்டுப் பேசினோம். லயத்துக்குப் பழைய சாமான் வாங்க வந்தவரிடம் 15 வெள்ளிக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டோம். தீர்மானத்தை எழுதியது நம் கைதான். பெரியவர் அன்று வாயே திறக்கவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்று கேட்க நமக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு பள்ளி வேலையாக ஈப்போவுக்குப் போனபோது, கருவிகள் பழுது பார்க்கும் ஒரு கடையில் அதே நோயோடு ஒரு பெட்டியைக் கண்டோம். கடைக்காரர் மேல்பலகையைக் கழற்றினார். ஒரு மெல்லிய காகிதத் துண்டை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். பேசாத கட்டை பேசியது. துருத்தியின் மடிப்பில் கிழிந்த இடத்துக்குத் துணி ஒட்டிக் காய வைத்தார். கூலி 8 வெள்ளி. புதுப் பெட்டி என்ன விலை என்று கேட்டோம். 200 வெள்ளிக்கு மேல் சொன்னார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனம் சரியாக இல்லை.

அந்தக் காகிதம் என்ன செய்தது? ஆர்மோனியத்துக்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. துருத்தியை அழுத்தும்போது காற்று பெட்டிக்குள் சேர்கிறது. கட்டையை அமுக்கினால் ஒரு சிறு மூடி திறக்கிறது, காற்று அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது, நாக்கு துடிக்கிறது, ஓசை பிறக்கிறது. நீண்ட நாக்கு தாழ்ந்த சுரம் தரும். குட்டையானது உச்ச சுரம் தரும். நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்து மயிரிழை அளவுதான். அதில் ஒரு தூசு சிக்கினால் போதும், கட்டை ஊமையாகிவிடும். தொடாமலே கத்தும் கட்டைக்கு, மூடி சரியாக உட்காராததே பெரும்பாலும் காரணம். நம் நாட்டு ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும். அல்லது மூடியை அழுத்தும் கம்பிச்சுருள் விலகியிருக்கும்.

இந்தக் கருவி நம் முன்னோர் செய்ததன்று. 1840களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். அது காலால் மிதித்து வாசிப்பது. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கும் பெட்டியாக அது பின்னர் இந்தியாவில் மாறியது. அகில இந்திய வானொலி 1940இல் இதை விலக்கி வைத்தது. கட்டைகளின் சுரங்கள் அசையாமல் நிற்பதால் நம் இசையின் கமகங்கள் இதில் வரா என்பது ஒரு காரணம். 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வித்துவான்கள் சொன்ன குறை நியாயமானதே. ஆனால் பஜனை மடத்தில் இருபது பேர் ஒரே சுருதியில் பாட இதைவிட வசதியானது எது?

பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். துருத்தியை நன்றாக அழுத்திக் காற்றை நிரப்புங்கள். எந்தக் கட்டையையும் தொடாதீர்கள். காற்று உடனே இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. பழைய பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இதுவே முதல் சோதனை. பிறகு கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிக் கேட்க வேண்டும். சிமிட்டித் தரையில் பெட்டியை வைக்காதீர்கள், ஈரம் ஏறும். பலகை மேல் வைத்துத் துணி போர்த்துங்கள். நாக்குகளுக்கு எண்ணெய் விடவே கூடாது, தூசு ஒட்டிக்கொள்ளும். சுருதி விலகியிருந்தால் நாமாகச் சுரண்டிப் பார்க்கக் கூடாது. அது கைதேர்ந்தவர் வேலை. நாக்கு உடைந்தால் அது ஒன்றை மட்டும் மாற்றலாம். நாக்குகள் பதித்த பலகையையே கறையான் தின்றிருந்தால்தான் பெட்டி போனதாகக் கொள்ளலாம்.

மிருதங்கத்துக்கும் இது பொருந்தும். தோல் தேயும், கிழியும். அது அதன் இயல்பு. மூட்டை மாற்றிவிட்டால் பலாமரக் கட்டை மறுபடியும் பல ஆண்டு உழைக்கும். தோல் கிழிந்ததற்காகக் கட்டையையே விற்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஈப்போவில் கண்டதை அந்தப் பெரியவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனோம். வாசற்படியில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

“மேல் ஸ கட்டை ரெண்டு வருசமாவே பேசலைங்க, வாத்தியாரே. அந்த இடம் வந்தா நானே கொஞ்சம் சத்தமாப் பாடிடுவேன். யாருக்கும் தெரியலை” என்றார்.

பிறகு, “எவ்வளவு கூலி வாங்கினாருன்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

எட்டு வெள்ளி என்றோம். தலையை ஆட்டிவிட்டு, கல்லில் தண்ணீர் தெளித்து மறுபடியும் தீட்டத் தொடங்கினார்.