விற்பவர் எழுதிய மசோதா

2015 ஏப்ரலில் ஆல்ட்ரியா நிறுவனம், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டாம் கோலின் அலுவலகத்தில் ஒரு மசோதா வரைவைக் கொடுத்தது. இரண்டே வாரத்தில் கோல் ஒரு மசோதாவை அவையில் தாக்கல் செய்தார். நிறுவனம் எழுதிக் கொடுத்த வாசகங்கள் வார்த்தை மாறாமல் அதில் இருந்தன. மறுவருடம் நியூயார்க் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. ஆல்ட்ரியா வேறு யாருமல்ல, அமெரிக்காவில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் நிறுவனம்.

2007 பிப்ரவரி 15-க்குப் பிறகு சந்தைக்கு வந்த புகையிலைப் பொருள் எதுவானாலும் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ.வின் முன் அனுமதி பெற வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இ-சிகரெட்டுகளையும் இதற்குள் கொண்டுவந்தால் ஏறக்குறைய எல்லாமே சிக்கிவிடும். ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டவற்றைத் தப்பவைப்பதுதான் கோலின் மசோதாவின் நோக்கம். அது நிறைவேறவில்லை. ஆனால் தப்பிக்க வேறு வழிகள் திறந்தன.

2016-இல் இ-சிகரெட்டுகள் எஃப்.டி.ஏ.வின் அதிகாரத்துக்குள் வந்தன. பழம், மிட்டாய்ச் சுவைகளை நிறுத்த அந்த அமைப்பு விதியில் எழுதியிருந்த பகுதியை வெள்ளை மாளிகை அடித்துவிட்டது. அடுத்த ஆண்டு ஸ்காட் காட்லீப் எஃப்.டி.ஏ. ஆணையரானார். முன்பு வேப் (இ-சிகரெட்) கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர் அவர். விண்ணப்பிக்கும் கெடுவை 2022 வரை தள்ளிவைத்தார். பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஜூல் இ-சிகரெட் பள்ளிப் பைகளுக்குள் புகுந்த காலம் அதுதான். 2017-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 11.7 சதவீதம் பேர் இ-சிகரெட் பிடித்தார்கள், 2019-இல் 27.5 சதவீதம்.

அந்த ஆண்டு ஜூலையில் ராஜா கிருஷ்ணமூர்த்தி தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு முன் ஒரு நியூயார்க் மாணவன் சாட்சி சொன்னான். ஜூல் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் வகுப்புக்கு வந்தாராம். ஆசிரியர்கள் வெளியே போனதும், தங்கள் பொருள் முழுக்கப் பாதுகாப்பானது என்றாராம். நிகோடினுக்கு அடிமையான நண்பனுக்கு என்ன செய்யலாம் என்று மாணவன் கேட்க, சிகரெட்டைப் பற்றித்தான் கேட்கிறான் என்று எண்ணி, ஜூலைப் பரிந்துரைத்தாராம். படிக்கும்போதே வயிறு எரிகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமா இந்தப் பேச்சு?

ஆல்ட்ரியா செய்ததைப் பாருங்கள். இத்தகைய சாதனங்கள் இளம்வயதினரிடம் பரவுவது கவலை தருகிறது என்று 2018 அக்டோபரில் எஃப்.டி.ஏ.வுக்குக் கடிதம் எழுதி, தன் பாட் வகை இ-சிகரெட்டுகளைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலின் 35 சதவீதப் பங்கை வாங்கியது. காட்லீப்பே கொதித்துப்போய், சொன்னதற்கும் செய்ததற்கும் விளக்கம் கேட்டார்.

புகையிலைப் பொருள் வாங்கும் வயதை 21 ஆக்கும் சட்டத்துக்கு இந்த நிறுவனங்களே ஆதரவு திரட்டின. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வலிக்கும் இடம் சுவைத் தடை. வயது வரம்புக்குத் தலையாட்டிவிட்டு, சுவைத் தடையை எதிர்த்து நின்றார்கள். 2019 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் சுவைகளை ஒழிப்பதாக அறிவித்தார். ஜனவரியில் வந்த ஆணையில் மெந்தால் தப்பியது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதனங்களும் தப்பின. பிள்ளைகள் அந்தச் சாதனங்களுக்கு மாறினார்கள்.

விலைபோகாதவர்களும் இருந்தார்கள். ஜூலின் தலைமையகம் இருந்த சான் பிரான்சிஸ்கோவிலேயே நகர மன்றம் இ-சிகரெட் விற்பனையைத் தடுத்தது. அதை முறியடிக்க நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு மேல் இறைத்து வாக்கெடுப்பு கேட்டது, நடுவழியில் பின்வாங்கியது. வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் நிறுவனத்தின் முன்மொழிவை நிராகரித்தார்கள். எஃப்.டி.ஏ. தந்த கால நீட்டிப்பும் குழந்தை மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கில் 2019-இல் சட்டவிரோதம் எனத் தீர்ப்பானது.

சிகரெட்டை விட முடியாத பெரியவர்கள் சிலருக்கு இ-சிகரெட் உதவக்கூடும். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. அதை எடைபோட வேண்டியது மருத்துவர்களும் ஆய்வாளர்களும். லாபம் பார்ப்பவர் தராசைப் பிடிக்கக் கூடாது.

2023-இல் ஆல்ட்ரியா ஜூலைக் கைவிட்டு, 275 கோடி டாலருக்கு என்ஜாய் என்ற இ-சிகரெட் நிறுவனத்தை வாங்கியது. புகையிலைச் சுவை அல்லாத இ-சிகரெட்டுக்கு எஃப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதி தந்தது 2024 ஜூனில். பெற்றது என்ஜாயின் மெந்தால். 2022-இல் தடைக்கு ஆளான ஜூலும் 2025 ஜூலையில் அனுமதி வாங்கிவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 5.3 என்றொரு பிரிவு உண்டு. பொது சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்க வேண்டும் என்கிறது அது. இந்தியா 2004-இலேயே அந்த உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டில் கையெழுத்திட்ட அமெரிக்கா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை.