கண்ணாடி மாத்தியாச்சு, ரெட்டினா பாத்தாச்சா?

அப்பாவுக்கு சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. "கண் டெஸ்ட் பண்ணீங்களாப்பா?"ன்னு கேட்டா, "இப்பதானேடா புதுக் கண்ணாடி போட்டேன்"னு சொல்வார். நானும் ரொம்ப நாள் அதை நம்பிட்டு இருந்தேன்.

கண்ணாடிக் கடையில எழுத்து படிக்கச் சொல்றது பவர் பாக்கத்தான். கேமராவை வச்சுப் பாத்தா ஈஸியா புரியும். அங்க சரி பண்றது முன்னாடி இருக்கிற லென்ஸை. சுகர் கெடுக்கிறதோ உள்ள இருக்கிற சென்சாரை, அதாவது ரெட்டினாங்கிற விழித்திரையை.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டு போற நுண்குழாய்கள் தலைமுடியை விட மெல்லிசு. ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்கா அதிகமா இருந்தா அதோட சுவர் பலவீனமாகி அங்கங்க புடைக்கும், கசியும். சிலது அடைச்சுக்கும். ஆக்ஸிஜன் கிடைக்காத விழித்திரை, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புது ரத்தக்குழாய்களை வளர வைக்கும். கேக்க நல்ல பேக்கப் பிளான் மாதிரிதான் இருக்கு. ஆனா அந்தப் புதுக் குழாய்கள் லேசுல உடையும். கண்ணுக்குள்ள ரத்தம் கசியும், தழும்பு உண்டாகி விழித்திரையையே இழுத்துப் பிரிச்சிடும்.

இதுல பயமான விஷயம், ஆரம்பத்துல வலி கிடையாது, மங்கலும் கிடையாது. நடுவுல இருக்கிற மேக்குலா நல்லா இருக்கிற வரைக்கும் கடைசி வரி எழுத்தைக்கூட படிச்சிடுவாங்க. பார்வை குறையுதுன்னு தெரியும்போது நோய் பெரும்பாலும் முத்தியிருக்கும். லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாத்தும், போனதைத் திருப்பித் தராது. மேக்குலா வீக்கத்துக்கு கண்ணுக்குள்ள போடுற ஊசியால பலருக்குக் கொஞ்சம் பார்வை திரும்புது, ஆனா அது ஒரு ஊசியோட முடியாது.

டைப் 2 சுகர்னா கண்டுபிடிச்ச உடனேயே விழித்திரையைப் பாக்கணும். ஏன்னா சுகர் தெரியாமலே பல வருஷம் உடம்புல இருந்திருக்கலாம். டைப் 1னா 5 வருஷத்துக்குள்ள. அப்புறம் பொதுவா வருஷம் ஒரு தடவை. நடுவுல திடீர்னு கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னிக்கே போகணும்.

நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச ஏஐ இதுலயும் இருக்கு. 2016-ல கூகுள் டீம் வெளியிட்ட பேப்பர்ல 1,28,175 விழித்திரைப் படங்களை வச்சு மாடலை ட்ரெயின் பண்ணியிருந்தாங்க. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதுல உண்டு. மாடல் ரெடி. கேமரா முன்னாடி அப்பாவை உக்கார வைக்கிறதுதான் கஷ்டம்.

அதுக்கும் காரணம் இருக்கு. கண் பாப்பாவை விரிக்க சொட்டு மருந்து விடுவாங்க. அப்புறம் சில மணி நேரம் கிட்டத்துல எதுவும் தெளிவா தெரியாது, வெயில் கூசும், பைக் ஓட்ட முடியாது. அரை நாள் லீவு போடணும், கூட ஒரு ஆள் வேணும். தனியா போறவங்க தள்ளிப் போடுறது இதனாலதான்.

செமஸ்டர் லீவுல நான் கூட போனேன். கண்ணாடியோட அப்பா எல்லா வரியும் தப்பில்லாம படிச்சார். ஆனா வலது கண் படத்துல குட்டிக் குட்டியா சிவப்புப் புள்ளிகள். ஆரம்ப நிலைதான், இப்போ சிகிச்சை வேண்டாம், சுகரையும் பிபியையும் கட்டுப்பாட்டுல வைங்கன்னு டாக்டர் சொன்னார். அது சும்மா அட்வைஸ் இல்ல. 1993-ல வந்த டி.சி.சி.டி. ஆய்வுல, கண் பாதிப்பு இல்லாத டைப் 1 ஆளுங்க சுகரைக் கறாரா கட்டுப்படுத்தினப்போ, பாதிப்பு வர்ற வாய்ப்பு 76 சதவீதம் குறைஞ்சது.

திரும்பி வரும்போது அப்பா பின்சீட்டுல கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தார். "அடுத்த தடவை எப்போடா?"ன்னு அவரே கேட்டார். தேதியை என் போன்ல போட்டு வச்சிருக்கேன்.