கல் எடுத்த பிறகு வீட்டில்

டெல்லியில் சில ஆண்டுகள் குடியிருந்தவர்களுக்குப் 'பத்ரி' என்ற இந்திச் சொல் எப்படியும் காதில் விழுந்திருக்கும். சிறுநீரகக் கல்லுக்கு இங்கே அதுதான் பெயர். சென்ற கோடையில் எனக்கு இடது பக்கக் குழாயில் அடைத்துக்கொண்ட கல்லை, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் உடைத்து எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை அதன் பிறகுதான் தொடங்குகின்றன.

பெரும்பாலும் உள்ளே 'டி.ஜே. ஸ்டென்ட்' என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்புகிறார்கள். 1978 முதல் புழக்கத்தில் உள்ள சாதனம். இரு முனையும் சுருண்டிருக்கும். ஒரு முனை சிறுநீரகத்தில், மறுமுனை சிறுநீர்ப்பையில். வீங்கிய பாதை அடைபடாமல் காப்பது இதன் வேலை. ஆனால் சிறுநீர்ப்பையை உரசிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி போகவேண்டும் போலிருக்கும், எரியும். போகும்போது இடுப்பில் சுருக்கென்று வலிக்கவும் செய்யும். சிறுநீர் மேலே திரும்பாமல் தடுக்கும் வாய் ஸ்டென்டினால் திறந்தே இருக்கிறது. அழுத்தம் சிறுநீரகம்வரை ஏறுகிறது. அடக்கி வைக்காமல் போனால் வலி குறைகிறது. இதற்கென்றே மாத்திரையும் உண்டு. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பீட்ரூட் கழுவிய தண்ணீர் போல நிறம் வந்தால் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். மாடிப்படி ஏறினாலும் பஸ்ஸில் குலுங்கினாலும் அப்படி வரும். ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் தெளியும். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீரே வராவிட்டாலோ, குளிரோடு காய்ச்சல் கண்டாலோ பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அலமாரியில் மீந்திருக்கும் மாத்திரையும் அதற்கு மருந்தல்ல.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பால், தயிரை நிறுத்தச் சொன்னவர்களே அதிகம். உண்மை நேர்மாறானது, உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. குறைக்க வேண்டியது உப்பு, அதாவது ஊறுகாயும் அப்பளமும். பாலக்கையும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேடி வாங்கும் வாழைத்தண்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது கல்லைக் கரைத்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதே முக்கியம்.

நம்மவர்களுக்கு இன்னொன்று. ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போதே லீவுக்கு ஊருக்குப் போய், வலி குறைந்ததும் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படிந்துவிடும். அப்புறம் எடுப்பது பெரிய வேலை. எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டுப் பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். டிஸ்சார்ஜ் காகிதமும் பெட்டியில் இருக்கட்டும். தேவைப்பட்டால் ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு மூன்றாவது வாரம் எடுத்தார்கள். மரத்துப்போக ஜெல் வைத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலை இடுப்பில் ஒரு தடவை வலித்து, மாத்திரைக்கு அடங்கிற்று.