திரைவழிக் கல்வியும் உணவுசார் உளநோய்களும்

உணவை மறுத்து உடலை வருத்துதல், மிகையாக உண்டபின் வாந்தியெடுத்து அதனை வெளியேற்றுதல் ஆகியவற்றை வசதி படைத்தோரின் அழகு மோகமெனத் தள்ளிவிடும் போக்கு எம்மிடையே உண்டு. மூன்று வேளை உணவுக்கே மக்கள் அல்லலுறும் நாட்டில் இவை பற்றிப் பேசுதல் தகுமா என்ற வினாவும் எழுகின்றது. வினா நேர்மையானதே; ஆயின் அதன் எடுகோள் பிழையானது.

மருத்துவர் இவற்றை முறையே அனோரெக்சியா நேவோசா, புலிமியா நேவோசா என்பர். முன்னதற்கு 1870களில் வில்லியம் கல் பெயரிட்டார். பின்னதை 1979இல் ஜெரால்ட் ரசல் விவரித்தார். உளநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் முன்னது ஒன்றாகும்.

இவை செல்வர்க்கு மட்டுமே உரியனவா? பீஜித் தீவினர் திரண்ட உடலையே நலத்தின் அடையாளமாகப் போற்றி வந்தவர்கள். அங்கு நட்ரோகா மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் குழுவினர் அவ்வாண்டில் 63 பாடசாலை மாணவியரையும் 1998இல் வேறு 65 பேரையும் ஆராய்ந்தனர். எடையைக் குறைக்கத் தாமே வாந்தியெடுத்தோர் முதற் குழுவில் எவருமிலர், இரண்டாவதில் 11.3 வீதத்தினர். ஆய்வு சிறிதெனினும், செல்வம் கொழிக்காத சமூகத்திலும் இந்நோய்க்கூறுகள் தோன்றலாம் என்பதை அது உணர்த்துகின்றது.

இப்பின்னணியிலேயே கொவிட் பெருந்தொற்றுக் காலத்தை நாம் நோக்கவேண்டும். 2020 மார்ச்சில் எமது பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் சூம் வழியே தொடர்ந்தன. அதனால் நேர்ந்த மாற்றங்கள் இரண்டு. விரிவுரை மண்டபத்தில் எவரும் தம் முகத்தைத் தாமே காண்பதில்லை. திரையிலோ அது மணிக்கணக்காக எதிரே நிற்கின்றது. நாள் முழுதும் ஒருவர் கண்ணாடியேந்தி எம்மைப் பின்தொடர்வதற்கு ஒப்பானது இது என ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். தன்னைத் தான் ஓயாது நோக்குபவர் தன்னைக் குறைவாக மதிப்பிடத் தலைப்படுகிறார் என்பது அவர் வாதம்.

மற்றையது, விடுதியின் பொது உணவு மறைந்தமை. தோழி உண்ணவில்லை என்பதை முதலில் அறிபவர் அருகிலிருந்து உண்பவரே. அக்கண்காணிப்பு அற்றுப்போக, "மெலிந்துவிட்டாய்", "பெருத்துவிட்டாய்" என்னும் உறவினர் பேச்சே எஞ்சியது. அக்காலத்தில் பல நாடுகளின் மருத்துவமனைகள், இந்நோய்களுக்காக வந்த இளம்பெண்களின் தொகை உயர்ந்ததாக அறிவித்தன. திரையே நோய்க்குக் காரணம் என்று இதனால் நாம் கூறவில்லை. பரம்பரை இயல்பு, மனப்பதற்றம், தனிமை, உடல் பற்றிய சமூக மதிப்பீடுகள் யாவும் இதிற் கூடுகின்றன. ஆண்களும் விலக்கல்லர்.

திரைவழி விரிவுரைகள் இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஒளிப்படக் கருவியை அணைத்து வைப்பதை ஒழுங்கீனமாகக் கொள்ளாதிருத்தல், தன்னுருவைத் திரையில் மறைக்கும் வசதியை மாணவர்க்கு அறிவித்தல், மாணவ ஆலோசகர்களுக்கு இந்நோய்களின் அறிகுறிகளைக் கற்பித்தல் ஆகியன பெருஞ் செலவின்றி இயல்வன. வறுமையாற் பட்டினி கிடப்பவருக்காகக் குரல் கொடுக்கும் நாம், தட்டில் உணவிருந்தும் உண்ண இயலாதிருப்பவரைப் பழித்தல் முறையன்று.